தமிழ் எஸ்எம்எஸ் பில் எகிறுனதும் நான் சரிபண்ணதும்

உசிலம்பட்டி பக்கத்துல ஒரு ஸ்கூலுக்கு டீச்சர், பேரன்ட்ஸ் பேசிக்கிற ஆப் ஒண்ணு பண்ணிக் குடுத்தேன், அங்க பாதி வீட்டுல பட்டன் போன்தான், அதனால ஆப்ல போடுற நோட்டீஸ் அப்படியே எஸ்எம்எஸ்ஸாவும் போற மாதிரி வச்சிருந்தேன்.

முதல் மாசமே பில் நான் நினைச்சதுக்கு ரெண்டு மடங்கு. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கான 70 எழுத்துக்குள்ளதான எழுதுறாங்கன்னு ரெண்டு நாள் மண்டையக் குடைஞ்சுட்டு, கடைசில ஒரு மெசேஜ எடுத்து ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன். "நாளை பள்ளி விடுமுறை", நம்ம கண்ணுக்கு 9 எழுத்து, ரெண்டு ஸ்பேஸ், மொத்தம் 11. ஆனா யூனிகோடுல (போனும் கம்ப்யூட்டரும் எழுத்தக் குறிச்சு வைக்கிற முறை) கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி, அதனால 19! இங்கிலீஷ்னா ஒரு எஸ்எம்எஸ்ல 160 போகும், தமிழுக்கு 70தான், அதத் தாண்டுனா துண்டாகி ஒரு துண்டுக்கு 67தான், துண்டுக்குத் துண்டு காசு. ஆப்ல எழுத்த எண்ணிக் காட்ட நான் வச்சிருந்த கவுண்டர் கண்ணுக்குத் தெரியுற எழுத்த எண்ணிட்டு இருந்துச்சு.

கவுண்டர யூனிகோடு கணக்குக்கு மாத்துனேன், டீச்சர் டைப் பண்றப்பவே இன்னும் எத்தன மிச்சம்னு தெரியும். "அன்பார்ந்த பெற்றோர்களே"ங்கிறது மட்டுமே 22 தின்னுச்சு, அத எடுத்துட்டோம். டெம்ப்ளேட் மாறுனதால டிஎல்டில (மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்புறவங்க மெசேஜோட மாதிரிய முன்னாடியே பதிஞ்சு வைக்கிற தளம்) திரும்பப் பதியணும், அத மறந்துட்டா மெசேஜ் போகவே போகாது.

அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்கு லீவுங்கிற மெசேஜ் ஒரே துண்டா எல்லார் போனுக்கும் போனப்பதான் நிம்மதியா இருந்துச்சு.