பழைய பூவேலைத் துணியில் பிளீச் ஊற்றாதீர்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது பழைய பூவேலைத் துணிகளுக்கு நல்ல மவுசு. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் காலியாகி, குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தபோது கூடவே தூக்கிவந்த டிரங்குப் பெட்டிகளைப் பேத்திகள் இப்போதுதான் திறந்து பார்க்கிறார்கள். உள்ளே தலையணை உறை, தட்டில் விரிக்கும் துணி, ரேடியோ மேல் போடும் துணி, ஜோடிக்கிளி போட்ட ‘நல்வரவு’. அதைப் பார்த்த ஆசையில் அதே பாணியில் ஏப்ரன் தைக்கவும் உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள், ஒரு காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழி. முடிச்சு அவிழ்வது, ஊசி குத்துவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுங்கள். திரும்பச் சரிசெய்ய முடியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

குளோரின் பிளீச்

இதை நினைத்தால் இன்னமும் எனக்குக் கோபம் வரும். எங்களோடு உட்கார்ந்து தைக்கிற ஒரு பெண் தன் பாட்டியின் மேசைத்துணியைக் கொண்டுவந்தாள். பாட்டி தோட்டத்துத் துரை வீட்டில் ஆயாவாக இருந்தவர். ஒரு மூலையில் பாவாடை அகல விரிய, தொப்பி போட்டு, பூச்செடி நடுவே நிற்கிற வெள்ளைக்காரி. 1930களில் இங்கிலாந்தில் எல்லார் வீட்டுத் துணியிலும் இருந்த உருவம் அது. பெண்கள் பத்திரிகைகளோடு இஸ்திரி போட்டுப் பதிக்கிற அச்சுத்தாள் இலவசமாக வரும், அதை வைத்துத் தைப்பார்கள். பாட்டி அந்தப் பாவாடையை லேசி டெய்சி என்ற இதழ்த் தையலும் ‘பிரெஞ்சு நாட்’ என்ற முடிச்சுத் தையலுமாக நிரப்பி வைத்திருந்தார், ஒவ்வொரு முடிச்சும் கடுகு அளவுக்கு, ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றில்லாமல். துணி மட்டும் டீத்தண்ணீர் நிறத்தில் பழுத்திருந்தது. அதை ராத்திரி முழுக்க பிளீச்சில் ஊறப்போட்டிருக்கிறாள். காலையில் பளிச்சென்று வெள்ளை, எல்லோருக்கும் படம் பிடித்து அனுப்பினாள். தீபாவளிக்கு மேசையில் விரிக்க எடுத்தபோது மடிப்பு மடிப்பாகக் கிழிந்து வந்தது.

குளோரின் மஞ்சளை மட்டும் எடுப்பதில்லை. பருத்தி இழை என்பது செல்லுலோஸ் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலி, குளோரின் அதை அங்கங்கே வெட்டிவிடும். அன்றைக்கே தெரியாது. சரியாக அலசாமல் மிச்சம் நின்றால் பெட்டிக்குள்ளும் வேலை நடந்துகொண்டே இருக்கும், அப்புறம் மடிப்பில்தான் முதலில் விட்டுப்போகும். பட்டு மாதிரி மினுமினுக்கிற நூல் இருந்தால் அது ரேயானாக இருக்கலாம், அந்தக் காலத்து வேலைகளில் நிறைய உண்டு. ரேயான் நனைந்தாலே பலம் வெகுவாகக் குறைந்துவிடும், அதற்கு மேல் பிளீச் என்றால் கேட்கவே வேண்டாம். தகரப் பெட்டியால் வந்த துருக்கறைக்கு பிளீச் போடுவது எல்லாவற்றையும்விட மோசம். கறை போகாது, இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொள்ளும், அந்த இடம் சீக்கிரமே ஓட்டையாகும்.

சரி, மஞ்சளை என்ன செய்வது? முதலில் வெறும் தண்ணீர். பழைய பருத்தியில் தெரிகிற மஞ்சளில் ஒரு பகுதி, துணி தானாக மக்கும்போது உண்டாகிற அமிலப் பொருள்கள்தான், அவை தண்ணீரிலேயே கரையும். வாளியில் கசக்காமல், அகலமான பேசினில் பழைய துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் துணியை வைத்து ஊற விடுங்கள். தூக்கும்போது துண்டோடு தூக்க வேண்டும், ஈரத்துணியின் கனத்தை அதன் இழையே தாங்காது. தண்ணீர் மஞ்சளாக மாறினால் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். தெளிவாக நிற்கும்வரை இதுதான் வேலை, ஒரு நாள் ஆனாலும் ஆகட்டும்.

துணியை நனைப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு நிறத்து நூலையும் பின்பக்கத்தில் ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். சிவப்பையும் கருநீலத்தையும் ஒருபோதும் நம்பாதீர்கள். பஞ்சில் சாயம் ஏறினால் ஊறவைக்கும் பேச்சே வேண்டாம், மஞ்சளோடு இருக்கட்டும்.

வெறும் தண்ணீரில் போகாத மஞ்சளுக்கு சோடியம் பெர்கார்பனேட், அதாவது ஆக்ஸிஜன் பிளீச். 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்துவிட்டு அப்புறம் துணியைப் போடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. இங்கே சில வீடுகளில் குழாயைத் திறந்தால் செந்தண்ணீர் வரும், அதில் இதைச் செய்யவே கூடாது. இரும்பு சேர்ந்தால் ஆக்ஸிஜன் பிளீச்சும் துணியை அரிக்கும். வடிகட்டிய தண்ணீர், இல்லையென்றால் சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும், கறை மேல் மட்டும், பிறகு நன்றாக அலச வேண்டும். நிழலில் படுக்கப்போட்டுக் காயவைத்து, தடித்த துண்டின்மேல் பூவேலையைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் இஸ்திரி போடுங்கள். பூ எழும்பி நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தால் இருக்கட்டும், வயதான துணி அப்படித்தான் இருக்கும்.

கஞ்சி போட்டு எடுத்து வைப்பது

கஞ்சி உபயோகத்துக்கு, பெட்டிக்கு அல்ல. நம் ஊர்ப் புழுக்கத்தில் கஞ்சித்துணி என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து, பூஞ்சையும் பின்னாலேயே வரும். அலசிக் காயவைத்து, மடிக்காமல் ஒரு குழலில் சுருட்டி, வெள்ளைப் பருத்தித் துணியால் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்க்கும்.

துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தை மாட்டியபடி விட்டுப்போவது

கழற்றுங்கள். ராத்திரிக்கு மட்டும் என்றாலும்.

ஏப்ரனை வெட்டிவிட்டுப் பூ போடுவது

பாக்கெட்டை அளவாக வெட்டி வைத்துக்கொண்டு அதில் பூ போட உட்காருவார்கள். சின்னத் துண்டை வளையம் பிடிக்காது, ஓரம் பிசிறிப்போகும், தைத்து முடிக்கும்போது துணி இழுபட்டு அளவும் குறைந்திருக்கும். பெரிய துண்டில் பாக்கெட்டின் கோட்டை வரைந்து, பூவை முடித்து, அலசி, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி. நெஞ்சுப் பகுதிக்கும் இதே முறைதான். துணியைத் தைக்கும் முன்னால் ஒருமுறை துவைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் சலவையில் துணி சுருங்கும், நூல் சுருங்காது, பூவைச் சுற்றி சுருக்கம் விழும். இடுப்பில் சுருக்கு வைக்கிற ஏப்ரனில் சுருக்குக்குப் பக்கத்தில் பூ போடாதீர்கள், மடிப்புக்குள் மறைந்துவிடும். கீழ் ஓரத்துக்கு மேலே நாலு விரல் தள்ளிப் போட்டால் நடக்கும்போது அழகாகத் தெரியும்.

மறையும் பேனா

பூவின் கோட்டை வரைவது தண்ணீரில் அழிகிற நீலப் பேனா என்றால் அலசுவதற்கு முன் இஸ்திரி கூடாது, சூடு பட்டால் கோடு நிலைத்துவிடும். சூட்டில் மறைகிற பேனா வேறு வகை, அந்த மை உண்மையில் போவதில்லை, நிறம்தான் மறைகிறது. பூச்சிக்குப் பயந்து துணியை ஃபிரீசரில் வைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எடுக்கும்போது கோடெல்லாம் திரும்பி வந்திருக்கும். நான் பென்சிலை மெல்லிசாகச் சீவி, கோடு தெரிந்தும் தெரியாமல் வரைந்துகொள்கிறேன்.

முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குவது

ஈப்போ பழைய சாமான் சந்தையில் கைவேலை என்று சொல்லி விற்பதையெல்லாம் முதலில் திருப்புங்கள். பின்னால் எல்லா நிறத்துக்கும் அடியில் ஒரே வெள்ளை நூல் ஓடினால் அது மிஷின். கைவேலையில் முன்னால் உள்ள நிறம்தான் பின்னாலும் இருக்கும், நூல் முடிந்த இடமும் தெரியும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புகளைப் பாருங்கள். இழை மெலிந்து வெளிச்சம் கோடாகத் தெரிந்தால், பத்து வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொடுத்தாலும் விரிப்பாக உபயோகிக்க முடியாது. பூ மட்டும் நன்றாக இருந்தால் அதை வெட்டியெடுத்து, பின்னால் மெல்லிய பருத்தி கொடுத்து, ஏப்ரன் பாக்கெட்டில் வைத்துத் தைக்கலாம். முழுசாக இருக்கிற துணியில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.