ஓடையில் சால்மன் மீனுக்கு வழி திறப்பது எப்படி

கடலிலிருந்து முட்டையிட வரும் சால்மன் சின்ன ஓடையில் ஏறி வரவில்லையா? பல இடங்களில் காரணம், ஓடை நீர் கடந்து போகச் சாலைக்கு அடியில் எப்போதோ போட்ட கல்வெர்ட் குழாய். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இதற்காகவே பழங்குடியினர் வழக்காடினார்கள். 2018-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாலுக்கு நாலு எனப் பிரிந்ததால், மாநிலம் தன் குழாய்களைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்தது. அந்த மாநில முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஓடையின் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். கீழே ஒரு தடையை விட்டுவிட்டு மேலே உள்ளதைச் சரிசெய்தால் பணம் வீண்.

குழாயின் வெளிவாயில் குனிந்து பாருங்கள். தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து அடியில் குழி பறித்திருக்கிறதா, உள்ளே சரளையே இல்லாமல் வெறும் தகரத்தில் வழுக்கி ஓடுகிறதா? பெரிய மீன் துள்ளித் தாண்டிவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சரி, கோஹோ என்ற சால்மன் வகையின் விரல் நீளக் குஞ்சு என்ன செய்யும்? கடலுக்குப் போகுமுன் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடையிலேயே வளர்கிற அது, கோடையில் குளிர்ந்த நீரையும் வெள்ளத்தில் ஒதுங்க இடத்தையும் தேடி மேலும் கீழும் போய்வர வேண்டும். விழும் உயரம் 24 சென்டிமீட்டரைத் தொட்டாலே மாநில மீன்வளத் துறை அதைத் தடையாகக் கணக்கிடுகிறது.

அப்புறம், பழைய குழாயை எடுத்துவிட்டுப் போடும் புதிய கல்வெர்ட்டின் அளவு. குழாயின் பாதிப்பு இல்லாத இடத்தில், கரை நிறைய ஓடும்போது ஓடை எவ்வளவு அகலம் என்று பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். அதை 1.2-ஆல் பெருக்கி 2 அடி கூட்டுங்கள். 10 அடி ஓடைக்கு 14 அடி கல்வெர்ட். பெரிதாகத் தோன்றும், ஆனாலும் குறைக்காதீர்கள். அதன் அடிப்பகுதியைப் புதைத்து, ஓடையின் சரிவிலேயே கல்லும் சரளையும் நிரப்பி, இடுக்குகளில் மணலை நீர் பாய்ச்சி இறக்குங்கள். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் கோடையில் தண்ணீர் கல்லுக்குள் மறைந்து மேலே காய்ந்து கிடக்கும்.

மாநில அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்காதீர்கள். அனுமதியில் குறித்த காலத்தில்தான் வேலை. அதற்கு முன் மீன்களைப் பயிற்சி பெற்றவர்கள் பிடித்து மாற்ற வேண்டும். சிறு காட்டு நில உரிமையாளர் என்றால், செலவில் பெரும்பங்கை ஏற்கும் மாநிலத் திட்டம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

முதல் வெள்ளம் வடிந்ததும் போய், சரளை நிற்கிறதா, வாயில் மரக்கட்டை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். நவம்பர் வாக்கில் சரளையில் வெளிறிய திட்டு தெரிந்தால், பெண் மீன் வாலால் அடித்து முட்டையிட்ட இடம் அது. ஓடைக்குள் இறங்காமல் கரையோடு நடங்கள்.