இந்தியா – ஐரோப்பிய ஒன்றிய சரக்கு வணிகம்: கணக்கைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஏற்றுமதி 12 சதவீதம் கூடியது என்று தலைப்பைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்த நாணயத்தில்? ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் யூரோவில் கணக்குச் சொல்கிறது. இந்திய வணிக அமைச்சகம் டாலரிலும் ரூபாயிலும் சொல்கிறது. 2021இல் ஒரு யூரோவுக்குச் சராசரியாக 1.18 டாலர், 2022இல் 1.05. இரண்டு ஆண்டும் அச்சுப் பிசகாமல் 100 டாலர் சரக்கே போயிருந்தாலும் யூரோ கணக்கில் 84.7 என்பது 95.2 ஆகிவிடும். ஒரு கன்டெய்னர்கூடக் கூடுதலாகக் கப்பலேறாமல் 12 சதவீத 'வளர்ச்சி'!

இரண்டு தரப்புக் கணக்கும் ஒத்துவரவில்லையே என்று குழம்புவது அடுத்தது. ஒத்துவரவே வராது. ஏற்றுமதியை எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையான விலையில் எழுதுவார்கள். இறக்குமதியில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேரும், அது சி.ஐ.எஃப். ஆகவே ஏற்றுமதிக்கு இந்தியக் கணக்கையும் இறக்குமதிக்கு ஐரோப்பியக் கணக்கையும் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து 'பற்றாக்குறை' கண்டுபிடிக்காதீர்கள். ஒரே ஏட்டில் நில்லுங்கள். 2023 இறுதியிலிருந்து செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போன கப்பல்களால் கட்டணம் ஏறியது, சி.ஐ.எஃப். மதிப்பில் அதுவும் கலந்திருக்கிறது. பயணம் நீண்டதால் டிசம்பரில் கிளம்பியது ஜனவரிக் கணக்கில் விழுவதும் சகஜம்.

பெரிய சறுக்கல் நெதர்லாந்தில். 2022-23 நிதியாண்டில் இந்தியாவின் மூன்றாவது பெரிய ஏற்றுமதிச் சந்தை அதுதான். அவ்வளவு சிறிய நாடு எப்படி இவ்வளவு வாங்குகிறது? வாங்கவில்லை; அதன் துறைமுகமான ராட்டர்டாமில் இறங்கும் சரக்கில் பெரும்பகுதி அங்கிருந்து மற்ற நாடுகளுக்குப் போகிறது. அதனால் உறுப்பு நாடுகளைத் தனித்தனியாக ஒப்பிடுவதைவிட, ஒன்றியம் முழுவதையும் ஒரே சந்தையாக எடுப்பதே சரி.

நெதர்லாந்தை அந்த மூன்றாமிடத்துக்கு இழுத்ததும் பெட்ரோலியப் பொருள்கள்தான். ரஷ்யக் கடல்வழிக் கச்சா எண்ணெய்க்கு 2022 டிசம்பர் 5 முதலும், டீசல் போன்றவற்றுக்கு 2023 பிப்ரவரி 5 முதலும் ஒன்றியம் தடை போட்டது. அந்த இடத்தின் ஒரு பகுதியை இந்தியச் சுத்திகரிப்பு ஆலைகள் நிரப்பின. எண்ணெய் விலை ஏறினால் மதிப்பு ஏறும், டன் ஏறியதாகாது. சரக்குக் குறியீட்டுப் பட்டியலில் எரிபொருள்கள் வரும் 27ஆம் அத்தியாயத்தைக் கழித்துவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை வளர்ச்சியைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் வெகுவாக விலகினால் அது எண்ணெயின் கதை. ஆடையையோ இயந்திரத்தையோ பற்றி அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. 2019இன் 28 நாட்டுத் தொகையை 2021இன் 27 நாட்டுத் தொகையோடு ஒப்பிட்டால் வணிகம் சரிந்ததுபோலத் தெரியும். யூரோஸ்டாட் பழைய ஆண்டுகளுக்கும் 27 நாட்டுத் தொடரைத் தருகிறது, அதையே எடுங்கள். இந்தியாவுக்கு ஏப்ரல்–மார்ச், அவர்களுக்கு ஜனவரி–டிசம்பர் என்பதை மறந்து 2022-23ஐ 2022ஓடு வைப்பதும் இதே ரகம்தான். மாதக் கணக்கு கிடைக்கும்போது இதற்குச் சாக்கே இல்லை.

பொருள்வாரியாகப் பார்ப்பவர்கள் 2022 ஜனவரி 1ஐக் குறித்துக்கொள்ளலாம். அன்று எச்.எஸ். குறியீடுகள், அதாவது சரக்குகளை வகைப்படுத்த உலக நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் எண்கள், மாறின. அதுவரை 851712இல் எல்லாக் கைபேசிகளும் இருந்தன. பிறகு ஸ்மார்ட்போன் 851713க்கும் மற்றவை 851714க்கும் போயின. பழைய எண்ணையே தேடினால் ஏற்றுமதி ஒரே நாளில் பூஜ்யமாகிவிட்டதாகக் காட்டும்.