கொழுப்புப் பரிசோதனை அறிக்கையைக் குடும்பத்தோடு சேர்த்து வாசிப்பது எப்படி?

திருகோணமலையில் கிளினிக்குக்குப் போய்வரும் பலர், அறிக்கையில் மொத்தக் கொலஸ்திரோல் 200ஐத் தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தாளிலுள்ள எண்களுக்குச் சரியான பொருள் காண, அதற்குரியவர் ஆணா பெண்ணா, அவருடைய இரத்த உறவினருக்கு என்ன நேர்ந்தது என்பவையும் தெரிய வேண்டும்.

முதலில் எச்.டி.எல். எனப்படும் ‘நல்ல’ கொலஸ்திரோலின் எண்ணைப் பாருங்கள். ஒரு டெசிலீட்டருக்கு ஆண்களில் 40 மில்லிகிராமுக்கும், பெண்களில் 50 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தால் அது குறைவு. உப்புவெளியில் இருக்கும் என் அக்காவின் அறிக்கையில் 44 என்றிருந்தது. பக்கத்தில் இருபாலாருக்கும் பொதுவாக 40 என்றே அச்சிட்டிருந்தபடியால், அந்தக் குறைவு யார் கண்ணிலும் படவில்லை. இடுப்புச் சுற்றளவையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: தெற்காசியரில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள்.

பெண்களானால் பரிசோதனை எந்த வயதில் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹோர்மோன், இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.ஐ, அதாவது ‘கெட்ட’ கொலஸ்திரோலை, ஈரல் உள்வாங்கிக்கொள்ள உதவுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அந்த உதவி குறைவதால், உணவு மாறாமலே எல்.டி.எல். ஏறக்கூடும். ஆகவே 42 வயதில் எடுத்த நல்ல அறிக்கையை 52 வயதில் நம்பியிருக்க வேண்டாம். கர்ப்ப காலத்திலும் இந்த எண்கள் இயல்பாகவே உயரும்.

அடுத்து, அறிக்கையின் பின்பக்கத்தில் குடும்ப விபரத்தை எழுதுங்கள். தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்னர், அல்லது தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்னர் மாரடைப்பு வந்திருந்தால் அதை வயதோடு குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். எல்.டி.எல். 190ஐ எட்டினால், அதைத் தேங்காய்ப்பால் சொதியின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. எல்.டி.எல்.ஐ ஈரல் பிடித்து உள்வாங்க உதவும் ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் உள்ள பிழையால் பெரும்பாலும் வரும் பரம்பரை மிகைக் கொலஸ்திரோல் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது; மெலிந்த உடம்புக்காரருக்கும், நாள்தோறும் மீன் சாப்பிடுபவருக்கும் அது இருக்கலாம். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைத் தடவிப் பாருங்கள்: அது தடித்தோ முடிச்சு விழுந்தோ இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இந்நோய் உறுதியானால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்புண்டு; உடன்பிறந்தாருக்கும் ஏறக்குறைய அப்படியே. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் அன்றைக்கே அழைத்துச் சொல்லி, அவர்களையும் இரத்தம் சோதிக்கச் செய்யுங்கள்.