"அப்ஜெக்‌ஷன்!" சத்தம் மட்டும் போதாது: ஏஸ் அட்டர்னி பாணியில் கேஸ் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஸ் அட்டர்னி என்பது, வக்கீலாக ஆடி சாட்சிகளின் பொய்களை ஆதாரம் காட்டி உடைக்கும் ஜப்பானிய வீடியோ கேம் வரிசை. அதை முடித்த பலருக்கும் ஒரு ஆசை வரும்: இதே மாதிரி ஒரு கேஸை நாமே எழுதிப் பார்த்தால் என்ன? ஒரு பிணம், ஒரு அப்பாவிக் கட்சிக்காரர், வியர்த்துக் கொட்டும் சாட்சி, விரலை நீட்டிக் கத்தும் வக்கீல். இவ்வளவுதானே என்று தோன்றும். நான் எழுதிய முதல் கேஸை ஒரு நண்பரிடம் விளையாடக் கொடுத்தேன். முதல் குறுக்கு விசாரணையிலேயே அவர் மூன்று ஆதாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினார். மூன்றுக்கும் 'தவறு' என்றே வந்தது. "ஏன் தவறு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்ன மூன்று காரணங்களுமே நியாயமானவை.

அதற்கப்புறம் பழைய கேஸ்களைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை வக்கீலின் இடத்தில் உட்காராமல், எழுதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அப்போது கண்ணில் பட்டவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். முதல் விளையாட்டின் முதல் கேஸைத் தவிர வேறு எங்கும் கொலையாளி யாரென்று சொல்லப் போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

கொலையாளியை ஒளித்து வைப்பதிலேயே முழு உழைப்பையும் போடுவது

மர்மக் கதை என்றாலே 'யார் செய்தது' என்பதுதான் கேள்வி என்று நமக்குப் பழகிவிட்டது. அதனால் ஏழெட்டு சந்தேக நபர்களை உருவாக்கி, எல்லாருக்கும் ஒரு நோக்கம் கொடுத்து, கடைசிப் பக்கம்வரை முகத்தை மறைக்கப் பார்க்கிறோம்.

ஷூ தகுமி இயக்கி, கேப்காம் 2001 அக்டோபரில் ஜப்பானில் கேம் பாய் அட்வான்ஸுக்கு வெளியிட்ட முதல் விளையாட்டு எப்படித் தொடங்குகிறது? ரத்தம் சொட்டும் ஒரு சிலை, மூச்சு வாங்கும் ஒரு மனிதன், 'இந்தப் பழியை யார்மேல் போடலாம்' என்று தேடும் அவனுடைய கண்கள். கொலையாளியின் முகத்தை நாம் முதல் நிமிடத்திலேயே பார்த்துவிடுகிறோம். அவன் பெயர் ஃபிராங்க் சாவிட். ஆங்கிலத்தில் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், 'பார்த்தேன்' என்று சாட்சி சொல்வதுபோலவே ஒலிக்கும். இத்தனைக்குப் பிறகும் அந்த கேஸ் சப்பென்று இல்லை. கண்ணெதிரே நிற்கும் பொய்யனை, கையில் இருக்கும் நான்கைந்து பொருட்களை வைத்து எப்படி மடக்குவது என்பதில்தான் பரபரப்பு இருக்கிறது.

இந்த வரிசையின் பல கேஸ்களில் பாதி வழியிலேயே குற்றவாளி யாரென்று நமக்குத் தெரிந்துவிடும். அதற்காக எழுதுபவர் பதற வேண்டியதில்லை. நிரூபிக்கும் வழி எவ்வளவு கடினம் என்பதில் அக்கறை காட்டினால் போதும்.

எழுதியவருக்கு மட்டும் தெரிகிற முரண்பாடு

நான் பார்த்தவரை பெரும்பாலான கேஸ்கள் விழுவது இங்கேதான். என் கேஸும் இங்கேதான் விழுந்தது.

சாவிட்டின் சாட்சியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 'ஓர் ஆள் அந்த வீட்டிலிருந்து ஓடுவதைப் பார்த்தேன், உள்ளே எட்டிப் பார்த்தால் பிணம் கிடந்தது, அப்போது மணி மதியம் ஒன்று' என்கிறான். பிரேதப் பரிசோதனை அறிக்கையோ மரணம் நடந்தது மாலை நான்குக்குமேல் என்கிறது. முதல் முரண்பாடு. இதைப் பிடிக்க எந்தத் துப்பறியும் மூளையும் தேவையில்லை, இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும். உடனே அவன் சமாளிக்கிறான்: 'டிவியில் மணி சொன்னது காதில் விழுந்தது.' ஆனால் அந்த நேரத்தில் கட்டடத்தில் கரண்ட் இல்லை, அதற்கான பதிவு நம் கையில் இருக்கிறது. இரண்டாவது முரண்பாடு. மறுபடி மாற்றுகிறான்: 'டிவி இல்லை, மேசைமேல் இருந்த கடிகாரம்.' அந்தக் கடிகாரம்தான் கொலை ஆயுதம். பார்வைக்கு அது வெறும் சிலை. தலையை அசைத்தால் மணி சொல்லும், வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது கடிகாரம் என்று தெரியாது. வீட்டுக்குள் கால் வைக்காதவனுக்கு அது எப்படித் தெரிந்தது?

கடைசியில் ஒரு முடிச்சு மிச்சம் இருக்கிறது. கடிகாரம் ஏன் மூன்று மணி நேரம் பின்தங்கி ஒன்று என்று சொல்ல வேண்டும்? கதை அமெரிக்காவில் நடக்கும் ஆங்கிலப் பதிப்பில் இதற்கான விடை இறந்துபோன பெண்ணின் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அவள் முந்தின நாள்தான் பாரிஸிலிருந்து திரும்பியிருக்கிறாள். கடிகாரத்தில் நேரத்தை மாற்றவில்லை. அது மூன்று மணி நேரம் பின்தங்கவில்லை, ஒன்பது மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

படியின் உயரம் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். முதல் முரண்பாடு குழந்தைக்கும் தெரியும். கடைசி முரண்பாட்டுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஆனால் பாஸ்போர்ட் ஆரம்பத்திலிருந்தே நம் பையில்தான் இருந்தது. ஒவ்வொரு பொய்யும் முந்தின பொய்யைக் காப்பாற்றப் பிறந்தது. எழுதுபவர் அடிக்கடி மறப்பது இதைத்தான்: சாட்சியத்தில் ஐந்து வாக்கியம் இருந்தால், அதில் ஒன்று மட்டும், பையிலிருக்கும் ஒரு பொருளோடு மட்டும் மோத வேண்டும். மற்ற நான்கும் எந்தப் பொருளோடும் மோதக்கூடாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஒவ்வோர் ஆதாரத்தையும் வைத்துப் பார்ப்பது சலிப்பான வேலைதான். வேறு வழி இல்லை. ஒரே விஷயத்தை இரண்டு பொருட்கள் நிரூபித்தால் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒன்றைக் கதையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். கண்ணகி பாண்டியன் சபையில் சிலம்பை எடுத்த எடுப்பில் உடைக்கவில்லை. 'என் சிலம்பின் பரல் மாணிக்கம்' என்கிறாள், 'எம் சிலம்பின் பரல் முத்து' என்று அரசன் தன் வாயால் சொல்கிறான், அதற்குப் பிறகுதான் சிலம்பு உடைகிறது. முதலில் சொல் பதிவாக வேண்டும், பிறகுதான் பொருள் பேச வேண்டும். சாட்சி இன்னும் சொல்லாத ஒன்றை மறுக்க ஆதாரத்தை நீட்டச் சொல்லும் கேஸ்களை நிறையப் பார்க்கிறேன். ஆடுபவருக்கு அங்கே எதைப் பிடிப்பதென்றே தெரிவதில்லை.

இன்னொரு விஷயம், ஆடுபவர் ஹீரோவைவிட வெகுதூரம் முன்னே போய்விடும் இடங்கள். கொலை எப்படி நடந்தது என்று அவருக்கு முழுதும் புரிந்துவிட்டது, ஆனால் கேஸ் இன்னும் நான்கு அடி பின்னால் நிற்கிறது. சரியான விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டும், எழுதியவர் இப்போது எந்த அடியை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்துத் திணற வேண்டியிருக்கும். இந்த வரிசையின் பெரிய கேஸ்களிலேயே இந்தக் குறை உண்டு. மருந்து சிறியது: ஆதாரத்தைக் கேட்பதற்கு முன் ஹீரோ என்ன நினைக்கிறார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

காரணம் இல்லாத பொய்

எளிதாக நடக்கும் தவறு இது. நமக்கு ஒரு முரண்பாடு வேண்டும், அதனால் சாட்சி பொய் சொல்கிறார். ஏன் சொன்னார் என்று கேட்டால் விடை இல்லை. ஏஸ் அட்டர்னியில் கொலையாளி மட்டும் பொய் சொல்வதில்லை. கிட்டத்தட்ட எல்லாருமே சொல்கிறார்கள். வேலை போய்விடும் என்ற பயம், ஒரு குழந்தையின் நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமை, தான் செய்த சின்னத் திருட்டு, சில நேரம் நேர்மையான தவறான ஞாபகம். நாம் பொய்யை உடைக்கும்போது அதன் அடியில் ஒரு மனிதர் தெரிகிறார். அது நடக்காத குறுக்கு விசாரணை வெறும் கணக்குப் புதிராக நின்றுவிடும்.

2002இல் ஜப்பானில் வந்த இரண்டாம் விளையாட்டு இதையே ஒரு விளையாட்டு முறையாக மாற்றியது. ஒருவர் எதையாவது மறைக்கும்போது அவரைச் சுற்றிச் சங்கிலிகளும் பூட்டுகளும் தோன்றும். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஒரு பூட்டு உடையும். கோர்ட்டுக்கு வெளியே நடக்கும் விசாரணைப் பகுதி அதற்குப் பிறகுதான் உயிர் பெற்றது என்பது என் கருத்து.

சாட்சியை 'நில்லுங்கள்' என்று நிறுத்திக் கேட்கும் இடங்களையும் வீணாக்காதீர்கள். பெரும்பாலும் அங்கே விடை கிடைக்காது. ஆனால் ஆளின் குணம் கிடைக்கும், ஒரு சிரிப்பு கிடைக்கும், சில சமயம் ஒரு புது வாக்கியம் சாட்சியத்தில் சேரும். 'அப்படியா, சரி, தொடருங்கள்' என்று எழுதி நிரப்பினால் ஆடுபவர் இரண்டாவது கேஸிலேயே கேட்பதை நிறுத்திவிடுவார்.

நிஜக் கோர்ட்டைக் கொண்டு வந்து வைப்பது

சட்டம் படித்தவர்கள் எழுதும்போது இந்தத் தவறு வரும். வாய்தா, மனு, மேல்முறையீடு என்று நிஜத்தை நிரப்புவார்கள். இந்த உலகத்தின் கோர்ட்டில் விசாரணை அதிகபட்சம் மூன்று நாள். கட்சிக்காரர் குற்றமற்றவர் என்று காட்டினால் மட்டும் பெரும்பாலும் போதாது, உண்மையான கொலையாளியையும் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். இது அபத்தம்தான். ஆனால் அந்த அபத்தத்துக்குப் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது: ஜப்பானில் வழக்குத் தொடரப்பட்டவர்கள் தண்டிக்கப்படும் விகிதம் 99 சதவீதத்துக்கும் மேல். விளையாட்டின் நீதிபதி 'குற்றவாளி' என்று சுத்தியலைத் தட்டத் தயாராகவே உட்கார்ந்திருப்பது சும்மா ஒரு வேடிக்கைக்காக வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நாட்டில் பொதுமக்களும் நீதிபதிகளோடு அமர்ந்து தீர்ப்பு சொல்லும் முறை 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2007இல் வந்த நான்காம் விளையாட்டு அதையொட்டிய ஒரு ஜூரி முறையைக் கதைக்குள் கொண்டு வந்தது.

ஆக, விதிகளைத் தளர்த்தலாம், அழுத்தத்தைத் தளர்த்தக்கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் கேஸ் முடிந்துவிடும் நிலைக்கு வந்து, ஒரு நூலில் தொங்கி மீள வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் இதில் பங்கு உண்டு. அவரை வெறும் வில்லனாக எழுதிவிட்டால் பாதி கதை போய்விடும். மைல்ஸ் எட்ஜ்வொர்த் முதல் விளையாட்டின் இரண்டாவது கேஸில் 'புதிய பிரேதப் பரிசோதனை அறிக்கை' ஒன்றை நீட்டி நம் வாதத்தைக் கவிழ்க்கும்போது எரிச்சல் வருகிறது. இன்றைக்கும் ரசிகர்கள் அந்த அறிக்கையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது அவருடைய குணத்தைக் காட்டியதால் ஒரு தடவை செல்லுபடியானது. அதே தந்திரத்தைக் கேஸுக்குக் கேஸ் செய்தால் ஆடுபவர் தன் பையிலிருக்கும் எந்தப் பொருளையும் நம்ப மாட்டார். அந்த நம்பிக்கை போனால் யோசிப்பதையும் விட்டுவிடுவார்.

ஒரு பொருளுக்கு ஒரே வேலை

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிலைக் கடிகாரத்தின் ஜோடி இரண்டாவது கேஸிலும் கொலை ஆயுதமாக வருகிறது. இந்த முறை உள்ளே இயந்திரமே இல்லை, மணி சொல்லாது. அப்படியிருக்க ஒரு சாட்சி அதைக் 'கடிகாரம்' என்று சொல்கிறார். அதே கேள்வி மறுபடி எழுகிறது, விடை மட்டும் முற்றிலும் வேறு. ஒரு பொருள் ஒருமுறை பயன்பட்டதும் பையில் செத்துக் கிடக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆவியை அவசரத்துக்கு அழைப்பது

துப்பறியும் கதைக்கு 1929இல் ரொனால்ட் நாக்ஸ் பத்து விதிகள் சொன்னார், அமானுஷ்யம் கூடாது என்பது அதில் ஒன்று. ஏஸ் அட்டர்னியில் முதல் விளையாட்டிலிருந்தே ஆவியை உடலில் இறக்கும் ஃபே குடும்பம் இருக்கிறது. இருந்தும் மர்மம் கெடவில்லை. காரணம், விதி தெளிவாக இருக்கிறது: இறந்தவரை மட்டுமே அழைக்க முடியும், அழைத்ததும் அழைத்தவரின் உடலே இறந்தவரின் தோற்றத்துக்கு மாறும். இந்த இரண்டு வரியைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பிற்பாடு வரும் பெரிய திருப்பங்களை நாமே கண்டுபிடித்துவிடலாம். 2016இல் வந்த ஆறாம் விளையாட்டில் இறந்தவரின் கடைசிக் கணங்களையே கோர்ட்டில் காட்டுகிறார்கள். அதுகூடத் தீர்ப்பாகிவிடுவதில்லை. இறந்தவர் பார்த்ததும் கேட்டதும் உணர்ந்ததும் ஒரு பக்கம், அந்தக் காட்சியை வரவழைக்கும் பூசாரி இளவரசி அதற்குச் சொல்லும் விளக்கம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் முரண்பாட்டைத் தேட வேண்டியது மறுபடியும் வக்கீல்தான். அமானுஷ்யம் உங்கள் கதையில் இன்னொரு சாட்சியாக நின்றால் இருக்கட்டும். விடையை எடுத்துக் கொடுக்க வந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள்.

உடைவை முன்கூட்டியே காட்டுவது

குற்றவாளி உடைந்துபோகும் காட்சியை எழுத எல்லாருக்கும் பிடிக்கும். கடைசி முடிச்சும் அவிழ்ந்ததும் சாவிட் வாயில் நுரை தள்ளிச் சரிவான். இந்த ஆர்ப்பாட்டம் வேலை செய்வதற்குக் காரணம், தப்பிக்க ஒரு கதவும் இல்லாத நிலையில் அது வருவதுதான். நான் படித்த பல கேஸ்களில் லேசாக மிரட்டினாலே கொலையாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுகிறார். 'அதற்கு ஆதாரம் எங்கே?' என்று அவர் கடைசியாக ஒருமுறை சிரித்துக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பொருள்தான் பதிலாக இருக்க வேண்டும். அதுவரை இசையை நிறுத்தாதீர்கள். இந்த விளையாட்டுகளில் முரண்பாடு பிடிபட்டதும் பாட்டு சட்டென்று நின்று, ஒரு கணம் அமைதி, பிறகு வேறு இசை பாயும். எழுத்தில் அந்த அமைதிக்கு ஒரு வெற்று வரி போதும்.

மரபை உடைக்கும் அவசரம்

'கட்சிக்காரரே குற்றவாளியாக இருந்தால்?' என்ற யோசனை எல்லாருக்கும் முதல் நாளே வருகிறது, முதல் கேஸிலேயே அதை எழுதியும் விடுகிறார்கள். இரண்டாம் விளையாட்டின் கடைசி கேஸ் இந்தக் கேள்வியைத்தான் தொடுகிறது. என்ன விடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி நம் வயிற்றைப் பிசைவதற்குக் காரணம், அதற்கு முன் ஜப்பானில் வந்த ஏழு கேஸ்களிலும் ஹீரோ வக்கீல் பீனிக்ஸ் ரைட் தன் கட்சிக்காரரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதும், ஒவ்வொரு முறையும் அந்த நம்பிக்கை சரியாக இருந்ததும்தான். ஆடுபவருக்கும் அது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை உருவாக்க தகுமிக்கு ஒரு முழு விளையாட்டும் இன்னொன்றின் முக்கால்வாசியும் தேவைப்பட்டது.

நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் தொகுப்பில் ஐந்து கேஸ்கள். அந்தக் கேள்வியை ஐந்தாவதில் வைத்திருக்கிறேன். முதல் நான்கிலும் கட்சிக்காரர்கள் பயந்தவர்கள், முட்டாள்தனம் செய்தவர்கள், பாதி உண்மை சொன்னவர்கள். ஆனால் ஒருவர்கூடக் கொலை செய்யவில்லை. நண்பர் இரண்டு கேஸ் விளையாடி முடித்திருக்கிறார். மூன்றாவதைத் தொடங்கும்போது, குற்றப்பத்திரிகையைப் படிப்பதற்கு முன்பே, "இவர் செய்திருக்க மாட்டார்" என்றார்.