ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற கார் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுக்கும் முறை

கார் ஸ்டீரியோ பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் ‘50 வாட் × 4’ என்பது உச்ச அளவு மட்டுமே. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவு, பெரும்பாலான ஹெட் யூனிட்களில் (டேஷ்போர்டில் பொருத்தும் ஸ்டீரியோ கருவிகளில்) சேனலுக்கு ஏறத்தாழ 14 முதல் 22 வாட் வரைதான் இருக்கும். தனி ஆம்ப்ளிஃபயர் பொருத்தப்போகிறவர் இந்த இரண்டு எண்களையுமே பொருட்படுத்த வேண்டியதில்லை. ஸ்பீக்கர்களை இயக்கும் பொறுப்பு ஆம்ப்ளிஃபயருடையது, ஹெட் யூனிட் அதற்குத் தூய்மையான சிக்னலை அனுப்பினால் போதும். ஆகவே, திரையையும் விளக்குகளின் நிறத்தையும் பற்றி விற்பனையாளர் எவ்வளவு பேசினாலும், கருவியைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள்.

முதலில், ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னலை அனுப்பும், ப்ரீ-அவுட் எனப்படும் ஆர்சிஏ இணைப்புகள் எத்தனை ஜோடி உள்ளன என்று எண்ணுங்கள். முன் ஸ்பீக்கர்கள், பின் ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஆகிய மூன்றையும் தனித்தனியே கட்டுப்படுத்த மூன்று ஜோடிகள் வேண்டும். ஒரே ஜோடி இருந்தால் அதை ஒய் கேபிளால் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் முன்-பின் ஒலியளவையும் சப்வூஃபரின் அளவையும் இருக்கையிலிருந்தே மாற்றும் வசதி போய்விடும். இரண்டு ஜோடிகள் உள்ள சில மாடல்களில், பின் இணைப்பை மெனு வழியாகச் சப்வூஃபருக்கு மாற்றலாம். பின் ஸ்பீக்கர்களைப் பெரிதாகக் கருதாதவர்களுக்கு இதுவே போதும்.

அடுத்தது ப்ரீ-அவுட்டின் வோல்ட் அளவு. மலிவான கருவிகளில் இது 2 வோல்ட் அளவிலும், மேம்பட்டவற்றில் 4 அல்லது 5 வோல்ட்டாகவும் இருக்கும். சிக்னல் வலுவாக வந்தால் ஆம்ப்ளிஃபயரின் கெய்னை, அதாவது உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைத்தே வைக்கலாம். கெய்ன் குறைந்தால், கேபிள் வழியே கலக்கும் இரைச்சலும் குறைவாகவே பெருக்கப்படும். 2 வோல்ட்டிலும் ஆம்ப்ளிஃபயர் நன்றாகவே இயங்கும் என்றாலும், சற்றுக் கூடுதல் விலையில் 4 வோல்ட் கிடைக்குமானால் அந்தச் செலவு தகும் என்பது என் கருத்து. 4-லிருந்து 5-க்குச் செல்வதற்காக மட்டும் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

கிராஸ்ஓவர் வசதியையும் கவனியுங்கள். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைச் சப்வூஃபருக்கும், மேலுள்ளதை மற்ற ஸ்பீக்கர்களுக்கும் பிரிப்பது நல்ல தொடக்கம். இதை ஹெட் யூனிட்டிலோ ஆம்ப்ளிஃபயரிலோ ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள். டைம் அலைன்மென்ட் இருந்தால் இன்னும் நல்லது: ஓட்டுநருக்கு ஒரு மீட்டர் அதிகத் தொலைவில் உள்ள ஸ்பீக்கரின் ஒலி ஏறக்குறைய 3 மில்லி விநாடி தாமதமாக வருவதால், அருகிலுள்ள ஸ்பீக்கரை அதே அளவு தாமதப்படுத்தி இரண்டையும் சேர்ந்து ஒலிக்கச் செய்யலாம்.

அளவு எளிய விஷயம். ‘டின்’ எனப்படும் நிலையான அளவுகளில், சிங்கிள் டின் முகப்பு 180 × 50 மில்லிமீட்டர், டபுள் டின் 180 × 100 மில்லிமீட்டர். டேஷ்போர்டுக்கான ஃபிரேமையும் ஸ்டீயரிங் பொத்தான்களுக்கான அடாப்டரையும் சேர்த்தே வாங்குங்கள். தொழிற்சாலையில் பொருத்திய யூனிட்டைக் கழற்ற முடியாத கார் என்றால், புதிய ஹெட் யூனிட்டை விட்டுவிட்டு, ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னலை ஏற்கும் ஆம்ப்ளிஃபயரைத் தேடுங்கள்.

பொருத்தும்போது, ஆம்ப்ளிஃபயரை இயக்கி அணைக்கும் ரிமோட் வயரைச் சரியாக அடையாளம் காண வேண்டும். வழக்கமாக அது வெள்ளைக் கோடிட்ட நீல வயர். முழு நீல வயர் ஆன்டெனாவுக்கானது. சில யூனிட்களில் ரேடியோ பாடும்போது மட்டுமே அதில் மின்சாரம் வரும் என்பதால், அதில் இணைத்தால் புளூடூத்துக்கு மாறியவுடன் ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்கான மின்சாரத்தை நேரடியாகப் பேட்டரியிலிருந்து எடுத்து, பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வையுங்கள். மின் கேபிளை ஒரு பக்கமாகவும் ஆர்சிஏ கேபிளை மறுபக்கமாகவும் கொண்டுசென்றால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கை போன்ற இரைச்சல் வரும் வாய்ப்பு குறையும்.

இறுதியாக, ஈக்வலைசரைச் சமநிலையில் வைத்து, ஹெட் யூனிட்டின் ஒலியளவை முக்கால் பங்குக்கு உயர்த்துங்கள். பிறகு, கெய்னைக் குறைந்த நிலையிலிருந்து மெல்லத் திருப்பி, ஒலி பிசிறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாக நிறுத்துங்கள்.