உங்கள் புரொஃபைல் கோப்பு எது என்று கண்டறிவது

கட்டளைகளுக்கான நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலான பாத் மாறியில் ஒரு கோப்புறையைச் சேர்க்கவோ, அடிக்கடி தட்டச்சு செய்யும் நீண்ட கட்டளைக்குச் சுருக்கப் பெயர் வைக்கவோ வழி தேடினால், "புரொஃபைல் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்" என்பதோடு பெரும்பாலான குறிப்புகள் முடிந்துவிடுகின்றன. அந்தக் கோப்பு உங்கள் ஹோம் கோப்புறையில் இருக்கும் என்பது எளிதில் தெரிந்துவிடும்; அங்குள்ள பலவற்றுள் எது என்பதே குழப்பம். அதைத் தீர்மானிப்பது நீங்கள் பயன்படுத்தும் ஷெல், அதாவது நீங்கள் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்; அது தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பே புரொஃபைல்.

ஆகவே முதலில் ஷெல்லை அறியுங்கள். டெர்மினலில் எக்கோ என எழுதி, ஓர் இடம் விட்டு, டாலர் குறியையும் அதை ஒட்டிப் பெரிய எழுத்துகளில் ஷெல் என்பதையும் உள்ளிட்டால், உங்கள் கணக்குக்கு அமைக்கப்பட்ட ஷெல்லின் பாதை தெரியும். லினக்ஸ் கணினிகளில் இது பெரும்பாலும் பேஷ். மேக் கணினிகளில், 2019இல் வந்த காட்டலினா பதிப்பு முதல் புதிய கணக்குகளுக்கு இசட் ஷெல்.

அடுத்து ஹோம் கோப்புறையைப் பாருங்கள். பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகளை எல்எஸ் கட்டளை வழக்கமாகக் காட்டாது என்பதால், அதனுடன் -ஏ என்ற தெரிவையும் சேர்க்க வேண்டும். லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவின் கோப்பு மேலாளரில் கன்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் அவை தோன்றும்.

பேஷ், லாகின் ஷெல்லாக (கணக்கில் உள்நுழையும்போது இயங்கும் வகை ஷெல்லாக) தொடங்கும்போது கணினி முழுவதற்குமான /ஈடிசி/புரொஃபைல் கோப்பைப் படித்துவிட்டு, உங்கள் ஹோமில் .பேஷ்_புரொஃபைல், .பேஷ்_லாகின், .புரொஃபைல் ஆகியவற்றை இதே வரிசையில் தேடி, படிக்கக்கூடியதாக முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும். மற்றவற்றை ஏறிட்டும் பார்க்காது. மற்றொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவில் புதிய கணக்குக்கு .பேஷ்_புரொஃபைல் வழங்கப்படுகிறது, உபுண்டுவில் .புரொஃபைல். எங்கோ படித்ததை நம்பி உபுண்டுவில் புதிதாக .பேஷ்_புரொஃபைல் ஒன்றை உருவாக்கினால், பழைய .புரொஃபைலை பேஷ் கைவிட்டுவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. அந்தப் பழைய .புரொஃபைலின் தொடக்கக் குறிப்பு வரிகளே இதை எச்சரிக்கின்றன என்றாலும், அவற்றைப் படிப்பவர் குறைவு. இருக்கும் கோப்பைத் திருத்துவதே நல்லது, மூன்றுமே இல்லாவிட்டால் .புரொஃபைலை உருவாக்கிக்கொள்ளலாம்.

இசட் ஷெல்லில் இந்த இடத்தை .இசட்புரொஃபைல் பிடிக்கிறது.

இவ்வளவும் லாகின் ஷெல்லுக்கு மட்டுமே பொருந்தும். உபுண்டுவின் டெர்மினல் சாளரம் இயல்பாக லாகின் ஷெல்லைத் திறப்பதில்லை, அது .பேஷ்ஆர்சி கோப்பைத்தான் படிக்கிறது. மேக்கின் டெர்மினலோ ஒவ்வொரு சாளரத்திலும் லாகின் ஷெல்லையே திறக்கிறது. ஐயம் இருந்தால் எக்கோ கட்டளையுடன் டாலர் குறியையும் பூஜ்யத்தையும் சேர்த்து இயக்குங்கள்: ஷெல்லின் பெயருக்கு முன்னால் ஒரு சிறு கோடு தெரிந்தால் அது லாகின் ஷெல். சுருக்கப் பெயர்களை .பேஷ்ஆர்சியிலும், பாத் போன்ற சூழல் மாறிகளை .புரொஃபைலிலும் வைப்பதே என் பரிந்துரை.

திருத்துவதற்கு முன் கோப்பைப் படியெடுத்து வையுங்கள். திருத்திய பின், சோர்ஸ் கட்டளையுடன் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அந்தச் சாளரத்தில் மட்டும் மாற்றம் உடனே நடப்புக்கு வரும், உபுண்டுவில் .புரொஃபைல் மாற்றங்கள் மற்ற நிரல்களையும் எட்ட, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.